குஞ்சு மீன் வளர்ப்பு: கடலோரத்தார் கண்ட உபதொழில் நமக்கும் ஆகுமா?

ஏலக்காயை நம்பி வாழ்வோர்க்கும் தறியை நம்பி வாழ்வோர்க்கும் தொழில் வேறாயினும் கவலை ஒன்றே. போடிநாயக்கனூர் ஏல விற்பனையில் காயின் விலை ஓராண்டு மலைமேல் ஏறும். மறு ஆண்டு அடிவாரத்துக்கு இறங்கிவிடும். நெசவாளர் வீட்டிலோ, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாவு காயாது. குழித்தறியில் ஈரம் ஊறும். கையும் காலும் ஓய்ந்திருக்க, வயிறு மட்டும் ஓய்ந்திராது. ஆகவேதான் கூட்டுறவு இயக்கம் தோன்றிய நாள்தொட்டு உபதொழில் என்னும் சொல் நம்மிடையே வழங்கி வருகிறது. கறவை மாடு, கோழி, தேனீ ஆகியவற்றைப் பற்றி அங்கத்தினர்கள் போதிய அளவு அறிவார்கள். இம்முறை நாம் எடுத்துக்கொள்வது மீன் குஞ்சு வளர்ப்பு. மலையடிவாரத்தில் மீனைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நகைக்கலாம். அவர்கள் இக்கட்டுரையின் பாதிவரையேனும் பொறுத்திருக்க வேண்டுகிறோம். முதற்பாதி கடற்கரையைப் பற்றியது. பிற்பாதி நம் ஊரைப் பற்றியது.

மீன் வளர்ப்பு என்றால் குளத்தில் குஞ்சை விட்டு, ஓராண்டு கழித்து வலை வீசிப் பிடிப்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது மூன்று தொழில்களாகப் பிரிந்து நிற்கிறது. தாய்மீனை முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைப்பது ஒன்று. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அக்குஞ்சைக் கைவிரல் நீளத்துக்கு வளர்ப்பது இரண்டாவது. அந்த விரலளவுக் குஞ்சைப் பெரிய நீர்நிலையில் விட்டு, உண்ணும் மீனாக்குவது மூன்றாவது. ஏலத் தோட்டக்காரர்கட்கு இதை விளக்குதல் எளிது. விதை முளைக்கும் முதல் நாற்றங்கால் ஒன்று. முளைத்த கன்றைப் பிரித்து நட்டு வளர்க்கும் இரண்டாம் நாற்றங்கால் ஒன்று. அதன் பிறகுதானே தோட்டம்? மீனில் அந்த இரண்டாம் நாற்றங்காலைப் பற்றியே நாம் கூற வந்தோம். முதல் வேலைக்குக் கட்டடமும் கருவியும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். மூன்றாவதற்கு ஏக்கர்க் கணக்கில் நீர்ப்பரப்பும், ஓராண்டு முடங்கிக் கிடக்கும் முதலும் வேண்டும். இடைப்பட்டதற்கோ சிறு நீர்நிலையும், இரண்டு மூன்று மாதப் பொறுமையும், ஓயாத கண்காணிப்பும் போதும். இவற்றுள் கண்காணிப்பு ஏழைக் குடும்பத்தினால் இயலக்கூடியது. பணக்காரரால் விலைகொடுத்து வாங்க இயலாதது.

தமிழகக் கடலோரத்தில் இத்தொழிலுக்கு ஏற்றதாகக் கண்ட மீன்களுள் முதன்மையானது கொடுவா. இது கடல்நீரில் முட்டையிட்டு, கழிமுகத்திலும் ஆற்றுநீரிலும் வளரும் மீன். உப்புநீர், நன்னீர் இரண்டிலும் வாழவல்லது. இளமையில் ஆணாயிருந்து வயது ஏறியபின் பெண்ணாக மாறுவது இதன் விந்தை. இம்மீனின் குஞ்சு வேண்டுமாயின் முன்னாளில் கழிகளில் தேடிப் பிடிப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. ஓராண்டு கிடைக்கும், ஓராண்டு கிடைக்காது. சென்னையில் 1987-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார், 1997-ல் முட்டுக்காட்டிலுள்ள தம் நிலையத்தில் கொடுவாவை வளர்ப்பு நீரிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரித்துக் காட்டினர். சீர்காழி வட்டத்தில் தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தாரும் கொடுவாக் குஞ்சு உற்பத்தியில் ஈடுபட்டனர். மண்டபத்திலோ, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2010-ல் கடல் விரால் என்னும் மீனின் குஞ்சைப் பொரித்தெடுத்தனர். இவ்வாறு முதல் வேலை ஆராய்ச்சி நிலையங்களில் கைகூடவே, இரண்டாம் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. கடலோரக் குடும்பங்கள் அதில் கைவைத்தன. சுயவுதவிக் குழுக்களின் பெண்கள் பலர் பயிற்சி பெற்றனர்.

பொரிப்பகத்திலிருந்து வரும் கொடுவாக் குஞ்சு ஏறத்தாழ 25 நாள் வயதும் அரை அங்குல நீளமும் உடையது. அதை நேரே பெரிய குளத்தில் விட்டால், பாம்பும் பறவையும் பிற மீனும் தின்றது போக மிஞ்சுவது சொற்பம். ஆதலால் கழியிலோ குளத்திலோ நான்கு கம்புகளை நட்டு, அவற்றில் ஒரு வலைத் தொட்டியைக் கட்டுகின்றனர். ‘ஹாப்பா’ என்பது அதன் பெயர். கொசுவலையைத் தலைகீழாகப் புரட்டி நீரில் தொங்கவிட்டாற்போல் இருக்கும். இரண்டு மீட்டர் நீளமும், ஒரு மீட்டர் அகலமும், ஒரு மீட்டர் ஆழமும் இருந்தால் போதும். துணியின் கண்ணைப் பற்றி நெசவாளர்கட்கு நாம் சொல்லத் தேவையில்லை. இங்கே கண் சுமார் ஒரு மில்லிமீட்டர். பெரிதானால் குஞ்சு நழுவும். சிறிதானால் பாசி படிந்து நீரோட்டம் நின்றுபோகும். சரியான கண்ணிலும் பாசி படியத்தான் செய்யும்; அதைத் தவறாது தேய்த்துக் கழுவாவிடில் உள்ளே குஞ்சு மூச்சு முட்டிச் சாகும்.

தீவனமோ, குருணை போன்ற செயற்கைத் தீவனம் அல்லது விலை மலிந்த சிறு மீனை அரிந்து அரைத்த விழுது. விழுதாயின் முதல் வாரத்தில் குஞ்சுகளின் மொத்த எடை எவ்வளவோ அவ்வளவும் நாள்தோறும் இடவேண்டும். இரண்டாம் வாரம் அதில் நூற்றுக்கு 60 பங்கு, மூன்றாம் வாரம் 40 பங்கு என்று குறைத்துக்கொண்டு வருவர்.

இத்தனையும் செய்துவிட்டு இரவில் நிம்மதியாக உறங்கலாம் என்று எண்ணினால் அதுதான் தவறு. கொடுவாவுக்கு உடன்பிறப்பு என்னும் உறவே கிடையாது. தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளமுள்ள தம்பியை அது விழுங்கிவிடும். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளுள்ளும் சில விரைந்து வளர்கின்றன. விரைந்து வளர்ந்தது மெலிந்ததைத் தின்கிறது. தின்றதனால் மேலும் வளர்கிறது. வளர்ந்ததனால் மேலும் தின்கிறது. ஆகவே மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை எல்லாக் குஞ்சுகளையும் எடுத்து, அளவு வாரியாகப் பிரித்து, வெவ்வேறு வலைகளில் விடவேண்டும். இத்தொழிலின் உயிர்நாடி இதுவே. போடிக் கிடங்குகளில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, பின்னர் கையால் பொறுக்கித் தரம் பிரிக்கும் நம் பெண்களின் வேலையை இதனோடு ஒப்பிடலாம். வேற்றுமை ஒன்றுதான். தரம் பிரிக்கப் பிந்தினால் காய் காயைத் தின்பதில்லை!

இவ்வாறு சுமார் 45 முதல் 60 நாட்கள் காத்தால், குஞ்சு மூன்று நான்கு அங்குலம் வளர்ந்துவிடும். அதை எடைக்கு விற்பதில்லை; எண்ணிக்கைக்கும் நீளத்துக்குமே விற்கின்றனர். குஞ்சு வாங்கிய விலை, தீவனச் செலவு, வலையின் தேய்மானம் இவை போக மிஞ்சுவதே குடும்பத்தின் கூலி. மீன்பிடிக்குப் போகமுடியாத நாட்களிலும், வீட்டை விட்டு நெடுந்தொலைவு செல்லவியலாத பெண்களுக்கும் இக்கூலி கிடைக்கிறது என்பதே இதன் சிறப்பு.

இது தமிழ்நாட்டில் மட்டும் கண்ட புதுமையன்று. ஜாவாவிலும் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும், பால்கெண்டைக் குஞ்சைக் கடற்கரையில் பிடித்து, சிறு குளங்களில் விரலளவுக்கு வளர்த்து, பெருங்குளத்தாருக்கு விற்பதையே தனித் தொழிலாகக் கொண்டோர் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளனர். பாலித் தீவின் வடகரையில் வீட்டுக் கொல்லைகளிலேயே சிறு தொட்டிகள் கட்டிப் பால்கெண்டைக் குஞ்சு பொரிக்கும் குடும்பங்கள் தோன்றின. நம் முட்டுக்காட்டிலும் 2015-ல் பால்கெண்டை வளர்ப்பு நீரில் முட்டையிட்டது.

ஆயினும் கடலோர அநுபவத்தில் இனிப்பு மட்டுமே உண்டு என்று நாம் கூறினால் அது அங்கத்தினர்கட்குச் செய்யும் துரோகமாகும். காயின் விலை இறங்கினால் சாக்கில் கட்டிக் கிடங்கில் வைக்கலாம். சேலை விற்காவிட்டால் மடித்துப் பெட்டியில் அடுக்கலாம். விரலளவுக் குஞ்சு காத்திராது. வாங்குவோர் வரும்வரை நாள்தோறும் தின்னும். நாளுக்கு நாள் வலையில் நெருக்கடி மிகும். கொடுவாவாயின் எண்ணிக்கையும் குறையும். பத்து நாள் தாமதம் இரண்டு மாத உழைப்பை விழுங்கிவிடும். தனித்து நின்ற குடும்பம், அந்நிலையில் வந்த வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுப்பதன்றி வேறென்ன செய்யும்? ஆதலால், குஞ்சை வாங்குவதற்கு முன்பே அதை விற்கும் இடத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். வலையும் தீவனமும் அதற்குப் பிறகுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

கொடுவா நன்னீரிலும் வளரும் என்றோம். எனினும் அதை நம் அங்கத்தினர்கட்கு நாம் சிபாரிசு செய்யோம். குஞ்சு நெடுந்தொலைவிலிருந்து வரவேண்டும். ஊன் கலந்த தீவனம் வேண்டும். நமக்கு உகந்தவை கெண்டை இனங்களே. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் உண்டு வளர்வன, ஒன்றையொன்று தின்னாதவை. இவை ஓடும் ஆற்றில் வெள்ளக்காலத்தில் முட்டையிடுமேயன்றிக் குளத்தில் முட்டையிடா. அதனால் முற்காலத்தில் வங்காளம் முதலிய இடங்களின் ஆறுகளில் குஞ்சைச் சேகரித்து, மண்பானைகளில் நிரப்பி ரயிலில் அனுப்புவார்கள். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி, ஒரிஸ்ஸாவில் ஹீராலால் சௌதுரி, அலிகுஞ்ஞி ஆகிய விஞ்ஞானிகள் மீனின் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் தாய்மீனுக்குச் செலுத்தி, தேங்கிய நீரிலேயே கெண்டையை முட்டையிடச் செய்தனர். அந்நாளே இந்தியாவில் மீன்வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த ஊசியின் பயனாகவே, 1959-ல் திறக்கப்பெற்ற வைகை அணை போன்ற இடங்களில் அரசினர் மீன்பண்ணைகள் கெண்டைக் குஞ்சை உற்பத்தி செய்ய முடிந்தது. நமக்கு முதல் நாற்றங்கால் ஒரு காலைப் பொழுதுப் பயணத் தொலைவில் இருக்கிறது.

வாங்குவோர் யார்? நம் வட்டாரத்துக் கண்மாய்களைக் குத்தகைக்கு எடுப்போரும், பண்ணைக்குட்டை வைத்திருப்போருமே. மீனாட்சிபுரத்து மீனாட்சியம்மன் கண்மாய் போன்ற பெரிய நீர்ப்பரப்பில் ஓர் அங்குலக் குஞ்சை விடுவது விராலுக்கு விருந்து வைப்பதாகும். நான்கு அங்குலக் குஞ்சானால் தப்பிப் பிழைக்கும். ஆகவே விரலளவுக் குஞ்சுக்குத் தேவை உண்டு.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் அங்குலக் குஞ்சை விரலளவுக்கு வளர்க்க, ஹெக்டேருக்கு இரண்டு முதல் மூன்று லட்சம் வரை விடலாம் என்பது மீன்வளத் துறையினரின் வழக்கமான கணக்கு. பத்து சென்ட் குளத்துக்கு இது 8,000 முதல் 12,000 வரை வரும். இரண்டு மூன்று மாதத்தில் நூற்றுக்கு 60 அல்லது 70 தேறினால் 5,000 முதல் 8,000 வரை விரலளவுக் குஞ்சு கிடைக்கும். நன்கு பராமரிக்கப்படும் குளத்தில் ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 வரை விடுவார்கள். கண்மாய்க்கு இதனினும் குறைவே போதும். ஆக, பத்து சென்ட் குட்டை ஒன்று இரண்டரை ஏக்கர்க் குளத்துக்கு வேண்டிய குஞ்சைக் கொடுத்துவிடும். ஒரே ஊரில் இருபது பேர் இதைச் செய்யத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதையும் இக்கணக்கே சொல்லிவிடுகிறது. கண்மாய்கள் பெருகப்போவதில்லை.

வேலை முறையில் முக்கியமானவற்றை மட்டும் கூறுவோம். முதலில் குட்டையை வற்றவைத்து, வெடிப்பு விழக் காயவிட வேண்டும். பழைய விராலும் கெளிறும் சேற்றில் தங்கிவிட்டால் உழைப்பெல்லாம் அவற்றுக்கே. பின்பு சுண்ணாம்பு தூவி, சாணம் இட்டு நீர் நிரப்பினால், சில நாட்களில் நீரில் நுண்ணுயிர்கள் பெருகும். குஞ்சுக்கு அதுவே தாய்ப்பால். அதனோடு நீர்வண்டும், முதுகு கீழாக நீந்தும் பூச்சியும், தும்பியின் இளம்புழுவும் வந்து சேரும். இவை சிறு குஞ்சைப் பற்றிக் கொன்றுவிடும். குஞ்சு விடுவதற்கு முதல்நாள், காற்றில்லாத வேளையில், எண்ணெயும் சோப்பும் கலந்த கரைசலை நீர்மேல் பரப்புவது பழகிய முறை. பத்து சென்ட்டுக்குச் சுமார் 2¼ கிலோ எண்ணெயும் முக்கால் கிலோ சோப்பும் வேண்டும். காற்றை உட்கொள்ள மேலே வரும் பூச்சிகளின் மூச்சை எண்ணெய்ப் படலம் அடைத்துவிடும்.

குஞ்சு, பிராணவாயு நிரப்பிய பாலிதீன் பையில் வரும். அவசரத்தில் பையைக் கிழித்துக் கொட்டிவிடுவோர் பாதிக் குஞ்சைக் கரையிலேயே இழக்கின்றனர். பையைக் கால் மணி நேரம் குட்டை நீரில் மிதக்கவிட்டு, வெப்பம் ஒத்தபின், குட்டை நீரைச் சிறிது சிறிதாகப் பையினுள் சேர்த்து, குஞ்சு தானாக நீந்தி வெளியேறுமாறு சாய்க்க வேண்டும். இதைக் காலை இளவெயிலிலோ மாலையிலோ செய்க. பிறகு தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம எடை கலந்து நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இட்டு வரலாம். விடியற்காலையில் குஞ்சுகள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றால், நீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று பொருள். உடனே தீவனத்தை நிறுத்திப் புதுநீர் பாய்ச்சுக.

மலைச்சரிவில் இருப்போர்க்கு இரண்டு தனிச் செய்திகள் உண்டு. முதலாவது குளிர். கட்லா, ரோகு போன்றவை வெப்பம் 20 பாகைக்குக் கீழிறங்கினால் சரிவர உண்பதில்லை. எனவே அடிவாரத்தில் தேறும் குஞ்சு, நாலாயிரம் அடிக்கு மேலுள்ள போடிமெட்டுப் பக்கத்துக் குளங்களில் வளராது. அங்கே சாதாக் கெண்டையும் புல்கெண்டையும் பொருந்தும். சாதாக் கெண்டையின் கண்ணாடிச் செதில் வகை, 1939-ல் இலங்கையிலிருந்து உதகமண்டலத்துக்குக் கொண்டுவரப்பட்டு மலைநீரில் நிலைத்தது. இது குளத்திலேயே நீர்ப்பாசியில் முட்டையை ஒட்டவைக்கும், ஊசி வேண்டா.

இரண்டாவது செய்தி கசப்பானது. ஏலத் தோட்டங்களில் பூச்சிமருந்து எவ்வளவு அடிக்கப்படுகிறது என்பதை நாம் அங்கத்தினர்கட்குச் சொல்லவேண்டியதில்லை, அடிப்பவர்களே அவர்கள்தாம். மனிதனுக்கு அத்துணைக் கேடில்லை என்று விற்கப்படும் பைரித்ராய்டு வகை மருந்துகூட, மிகச் சிறிய அளவில் மீனைக் கொன்றுவிடும். சில ஆண்டுகட்கு முன், சரிவில் ஒரு தோட்டத்துப் பாசனக் குளத்தில் கெண்டைக் குஞ்சு விட்டிருந்த அன்பர் ஒருவர் நம்மிடம் தம் கதையைக் கூறினார். ஆறு வாரம் அவரும் மனைவியும் தவிடு போட்டு வளர்த்தனர். கையைத் தட்டினால் குஞ்சு கரைக்கு வரும் அளவுக்குப் பழகியிருந்ததாம். ஒருநாள் மேற்புறத் தோட்டத்தில் மருந்து அடித்தனர். அன்று மாலையே மழை. மறுநாள் காலை குளம் முழுதும் வெள்ளை வயிறாக மிதந்தது. யாரைக் குறை கூறுவது? மேல்தோட்டத்துக்காரர் தம் பயிரைக் காத்தார். மழை தன் வழியில் பெய்தது. அந்த அன்பர் இப்போது மீன் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். எனவே மருந்தடிக்கும் நிலத்தின் வடிநீர் வந்து சேரும் குளத்தில் குஞ்சு வளர்ப்பை எண்ணவே வேண்டா. தெளிப்பான்களைக் குளத்தில் கழுவும் பழக்கம் உள்ள இடங்களிலும் அவ்வாறே. மேட்டு நீரைத் தடுக்கும் வாய்க்கால் வெட்டமுடியுமானால் மட்டும் யோசிக்கலாம்.

இன்னொன்று: விரைவாய் வளர்கிறது என்று எவரேனும் ஆப்பிரிக்கக் கெளிற்றின் குஞ்சைக் கொண்டுவந்தால் ஏற்கலாகாது. அது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. நம் குளங்கள் வழிந்தால் நீர் கொட்டகுடி ஆற்றுக்குப் போகும். ஆறு வைகைக்குப் போகும். ஒருமுறை தப்பிய மீனைத் திரும்ப அழைக்க வழியில்லை. வழிந்தோடும் வாய்க்கு வலை கட்டுவது எந்தக் கெண்டைக்கும் அவசியம்.

இதில் சங்கத்தின் பங்கு யாது? இங்கே ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. நாட்டுக் கடன்வசதியை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை தந்து, 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்துக்கு வழிகோலியவர் சர் பிரடரிக் நிக்கல்சன். அவரே பின்னர் 1907-ல் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கும் அடிகோலினார். கூட்டுறவும் மீனும் நம் நாட்டில் ஒரே மனிதரின் மேசையிலிருந்து எழுந்தவை. அந்த உறவை நாம் பிறகு மறந்துவிட்டோம் என்றே சொல்லவேண்டும்.

சங்கம் செய்யக்கூடியவை பெரியனவல்ல. கண்மாய்க் குத்தகைதாரர்களையும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களையும் ஆடிக்கு முன்னரே அணுகி, எத்தனை குஞ்சு, எந்த மாதம், என்ன நீளத்தில் வேண்டும் என்று எழுத்தில் பெறலாம். அத்தொகைக்கு மேல் ஒரு குட்டையிலும் குஞ்சு விடாதபடி அங்கத்தினர்க்குள் பங்கிடலாம். அரசினர் பண்ணையில் ஒரே வண்டியில் குஞ்சு வாங்கி வரலாம். மழைக்காலத்தில் தறி ஓய்ந்த வீடுகளில் ஹாப்பா வலை தைக்கும் வேலையைக் கொடுக்கலாம். மூலதனத்துக்கு, 2018-19-ல் மீன்வளர்ப்போர்க்கும் விரிவாக்கப்பட்ட உழவர் கடன் அட்டை உதவும். 2020-ல் தொடங்கிய மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் நூற்றுக்கு 60-ம், ஏனையோர்க்கு 40-ம் மானியம் வகுக்கப்பட்டது. இப்போதைய நிலையை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே செலவில் இறங்குக. மானியத்தை நம்பிக் குழி வெட்டியவர்கள் பலர் குழியை மட்டுமே வைத்திருக்கின்றனர்.

விருப்பமுள்ள அங்கத்தினர்கள் தம் குட்டையின் நீளம், அகலம், ஆழம், நீர் எந்த மாதம் வரை நிற்கும் என்னும் விவரங்களைச் சங்க அலுவலகத்தில் எழுதிக்கொடுக்கலாம். மேற்புறத்து நிலம் யாருடையது, அங்கே எவ்வப்போது மருந்தடிக்கிறார்கள் என்பதையும் அத்தாளிலேயே குறிப்பிட வேண்டுகிறோம்.